மழை ஆபீசரும் பத்தொன்பது மஞ்சளும்

அவருக்கும் மழைக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. இதை அவர் தெருவில் எல்லோரிடமும் சொல்லிப் பார்த்துவிட்டார். மருந்துக் கடைக்காரரிடம் சொன்னார், எதிர்வீட்டு டீச்சரிடம் சொன்னார், வீட்டுக்காரரிடம் தாளில் படமே போட்டுக் காட்டினார். மழை பெய்கிற மேகமெல்லாம் தலைக்கு மேல் பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும், தன் வேலை அதற்கும் மேலே முந்நூறு கிலோமீட்டர் உயரத்தில் என்று விளக்கினார். வீட்டுக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி சார், அவ்வளவு மேலேருந்து பார்த்தா மழை வரது தெரியாமலா போயிடும்?" என்றார். அதோடு அவர் விளக்குவதைக் கைவிட்டார். டீச்சர் இன்றைக்கும் மாடியில் துணி காயப்போடும் முன் அவரைப் பார்த்தால் வானத்தைக் காட்டிப் புருவத்தை உயர்த்துவார். அவரும் தெரிந்த மாதிரி தலையாட்டிவிட்டுப் போவார். தெருவுக்கு அவர் மழை ஆபீசர். நாமும் அப்படியே கூப்பிடுவோம்.

வயது ஐம்பத்து நாலு. கல்யாணம் ஆகவில்லை. அக்கா கல்யாணம், அப்பா வைத்தியம், அம்மா வைத்தியம் என்று வரிசையில் நின்றுகொண்டே இருந்தார்; அவர் முறை வந்தபோது கவுன்ட்டரைச் சாத்திவிட்டார்கள். அதைப் பற்றி அவர் யாரிடமும் புலம்பியதில்லை. புலம்ப ஆள் வேண்டுமே.

வேலை ஊருக்கு வெளியே ஒரு பொட்டல் மைதானத்தில். முள்வேலி, இரண்டு அறைகள், கூரையில் கவிழ்த்த கிண்ணங்கள் மாதிரி நாலு ஆண்டெனா. பூமிக்கு மேலே மின்சாரம் ஏறிய காற்று ஒரு அடுக்காக இருக்கிறது. அயனி மண்டலம் என்று பள்ளிக்கூடத்தில் படித்து, பரீட்சை முடிந்ததும் மறந்திருப்போம். வழிகாட்டும் செயற்கைக்கோள்களின் சிக்னல் அதைத் தாண்டித்தான் நம்மிடம் வரவேண்டும். பகலெல்லாம் அந்த அடுக்கு ஒழுங்காக இருக்கும். பொழுது சாய்ந்தபின் சில நாட்களில் மட்டும் மடமடவென்று மேலே எழும்பும். அடியிலிருந்து குமிழிகள் கிளம்பும், அடுப்பில் தண்ணீர் கொதிக்கிற மாதிரி. அந்தக் குமிழிகளுக்குள் புகுந்து வரும் சிக்னல் நடுங்கும், விட்டுவிட்டு வரும், சில நேரம் அறுந்தே போகும். போனில் வழி பார்த்து நடப்பவருக்கு இது தெரியக்கூடத் தெரியாது. நாலு வீடு தள்ளிக் காட்டினால் போனைத் திட்டிவிட்டுப் போய்விடுவார். விரற்கடை அளவுக்கு இடம் சரியாகத் தெரிய வேண்டியவர்கள்தான் திண்டாடுவார்கள்.

அவர்களுக்காக மழை ஆபீசர் தினமும் மூன்று மணிக்கு ஒரு நிறம் அறிவிப்பார். பச்சை என்றால் கவலையில்லாமல் வேலையைத் தொடங்கலாம். சிவப்பு என்றால் இன்றைக்கு வேண்டாம். மஞ்சள் என்றால் இப்போது சொல்ல முடியாது, ஆறே முக்காலுக்குப் போன் செய்து கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும். அந்நேரத்துக்குச் சூரியன் மறைந்திருக்கும், அடுக்கு எழும்புகிறதா படுத்தே இருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கம்ப்யூட்டர் கணித்துச் சொல்வதைத் திறந்து பார்க்கும் முன்பே, தன் மனதில் பட்ட நிறத்தை ஒரு நோட்டில் பென்சிலால் எழுதிவிட வேண்டும். இல்லையென்றால், நானும் அதைத்தான் நினைத்தேன் என்று மனது பிறகு கதை விடும். இன்னொரு வழக்கமும் உண்டு. மாதக் கடைசியில் தப்புகளை எண்ணித் தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். பச்சை சொல்லிக் குமிழி வந்தால் தப்பு. சிவப்பு சொல்லி வராவிட்டால் தப்பு. மஞ்சளுக்குத் தப்பே கிடையாது. வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி.

முன்பு அங்கே மூன்று பேர் வேலை பார்த்தார்கள். ஒருவர் ஓய்வு பெற்றார், ஒருவர் மாற்றலாகிப் போனார், இரண்டு நாற்காலிகளுக்கும் ஆள் வரவே இல்லை. பெருக்குகிற அம்மா காலையில் வந்து, மதியம் இவர் வருவதற்குள் போய்விடுவார். நிறத்தைப் பார்க்கிறவர்களில் பெரும்பாலோர் திரையில் பார்த்துக்கொள்கிறவர்கள். விதிப்படி போன் செய்து கேட்கிற ஒரே வாடிக்கை, நாற்பது கிலோமீட்டர் தள்ளித் துறைமுகத்தில் இருந்த அளவுப் படகு. பெரிய கப்பல்கள் உள்ளே வரும் வழியில் மண் சேர்ந்திருக்கிறதா என்று ஆழம் பார்க்கிற படகு அது. பகலில் கப்பல்கள் இடம் விடாது. அதனால் சாயங்காலம்தான் அளப்பார்கள், ஒரே மூச்சில் மூன்று மணி நேரம். நடுவில் சிக்னல் அறுந்தால் அத்தனையும் பாழ், முதலிலிருந்து அளக்க வேண்டும்.

படகுக்குப் பொறுப்பு ஒரு பெண். மழை ஆபீசர் அவளைப் பார்த்ததே இல்லை. குரல் மட்டும்தான் தெரியும்.

"சார், படகுலேருந்து. உங்க வானம் இன்னிக்கு என்ன மூட்ல இருக்கு?"

"முறுக்கிக்கிட்டுதான் இருக்கு மேடம். இருங்க, எதிரொலி வரட்டும்."

ஆறே முக்காலுக்குக் கருவி மேலே ஒரு ரேடியோ அலையை அனுப்பும். அது அடுக்கில் மோதித் திரும்பி, கணக்காகித் திரைக்கு வர ஆறு நிமிடம் ஆகும். போனை வைத்துவிட்டு மறுபடி அழைக்கலாம்தான். அவள் வைக்கமாட்டாள். அந்த ஆறு நிமிடத்தில் துறைமுகத்துச் சமாசாரம் எல்லாம் வந்துவிடும்.

"எங்க இன்ஜின் டிரைவர் இருக்காரே சார், வீட்ல பேசறதைவிட இன்ஜின்கிட்டதான் அதிகம் பேசறார். அதுவும் கொஞ்சிக் கொஞ்சி. இன்னிக்கு அது கிளம்பலைன்னதும், கோவமாடின்னு கேக்கறார்."

மழை ஆபீசர் சிரித்தார். சிரித்த சத்தம் காலி அறையில் அவருக்கே புதிதாகக் கேட்டது.

பகலும் இரவும் சமமாக வருகிற மாதங்களில் குமிழித் தொல்லை அதிகம். அந்த ஒன்றரை மாதமும் வாரத்துக்கு நாலைந்து மஞ்சள், நாலைந்து போன். பிறகு பருவம் மாறியது. மேலே எல்லாம் படுத்துவிட்டது. பச்சை, பச்சை, பச்சை. படகு அது பாட்டுக்கு ஐந்து மணிக்குக் கிளம்பி எட்டு மணிக்குக் கரைக்கு வந்தது. யாரும் எதையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

ஒரு நாள் கடையில் சோப்பு கேட்க வாயைத் திறந்தார், குரல் வரவில்லை. கரகரவென்று காற்றுதான் வந்தது. கடைக்காரர், "சளியா சார்?" என்றார். சளியெல்லாம் இல்லை. முந்தின நாள் காலையில் வீட்டுக்காரரிடம் தண்ணீர் மோட்டாரைப் பற்றிப் பேசியதற்குப் பிறகு அவர் ஒரு வார்த்தையும் பேசியிருக்கவில்லை. அவ்வளவுதான்.

அந்த வாரம்தான் முதல் பொய் நடந்தது. அது பொய்யாக வரவில்லை, சந்தேகமாக வந்தது. சூரியனில் லேசான ஒரு கொந்தளிப்பு; அது அடுக்கைக் கலைக்கலாம், கலைக்காமலும் விடலாம். கம்ப்யூட்டர் பச்சை என்றது. அவருடைய பென்சிலும் பச்சைக்கு 'ப' என்றுதான் எழுதியிருந்தது. எதற்கும் இருக்கட்டுமே என்று மஞ்சளை அழுத்தினார். ஆறே முக்காலுக்கு மணி அடித்தது.

"என்ன சார், ஆளையே காணோம்?" என்றாள் அவள்.

ஆளையே காணோம் என்று ஒருவர் தன்னைக் கேட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்று அவர் அன்றைக்கு யோசித்துக்கொண்டே வீட்டுக்குப் போனார். அடுத்த வாரம் ஒரு மஞ்சள். அதற்கடுத்த வாரம் இரண்டு. பிறகு சந்தேகத்துக்குச் சாக்குத் தேடுவதையும் விட்டுவிட்டார். பென்சில் 'ப' என்று எழுதும், விரல் 'ம' என்று அழுத்தும். இரண்டும் ஒரே ஆளுடைய கைதான்.

"இந்த மாசத்துல இவ்வளவு மஞ்சள் வராதே சார்? போன வருஷம் இப்படி இல்லையே," என்று அவளே ஒருமுறை கேட்டாள்.

"சூரியன் இந்த வருஷம் கொஞ்சம் துடுக்கா இருக்கு மேடம்."

அவள் நம்பினாள். படித்தவர் சொன்னால் நம்பத்தானே வேண்டும்? இவர் வெட்கப்பட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். அன்றைக்கு அவர் வெட்கப்படவில்லை. தப்பித்தோம் என்றுதான் நினைத்தார்.

அப்புறம் ஒரு நாள் அவள் குரலில் சுரத்து இல்லை. என்ன என்று கேட்டார்.

"அப்பாவை ஆஸ்பத்திரில சேர்த்திருக்கு சார். வலது பக்கம் விழுந்துடுச்சு. பேச்சு மட்டும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கு. எனக்கு அவர் ஒருத்தர்தான் சார். சித்திதான் கூட இருக்காங்க."

அவருக்கு உண்மையாகவே நெஞ்சு கனத்தது. அப்பாவையும் அம்மாவையும் வருடக்கணக்கில் ஆஸ்பத்திரியில் பார்த்தவர் அவர். படுக்கைப் புண் வராமல் எப்படிப் புரட்டிப் படுக்க வைப்பது, டாக்டரிடம் எந்தக் கேள்வியை எப்போது கேட்பது என்று எல்லாம் சொன்னார். அன்றிலிருந்து ஆறு நிமிடம் பத்து நிமிடமாயிற்று. அவர் கேட்பார், அவள் சொல்வாள்.

"நர்ஸம்மாவை டீச்சர்னு கூப்பிடறார் சார். என்னைப் பார்த்ததும் முதல் கேள்வி என்ன தெரியுமா? கடல் இன்னும் ஆழமாத்தான் இருக்கான்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் பார்த்துக்கறேன்பா, நீங்க தூங்குங்கன்னேன்."

இந்த நேரத்தில் அவளுக்கு ஆறுதலாகப் பேச ஒரு ஆள் வேண்டும் என்று மழை ஆபீசர் முடிவு கட்டினார். மஞ்சள் இன்னும் கூடியது. இங்கேதான் எனக்கு அவர்மேல் ஆத்திரம் வருகிறது. முந்நூறு கிலோமீட்டர் உயரத்தில் நடப்பதை மூன்று மணி நேரம் முன்னால் கணிக்கிற மனிதர், ஒரு சின்னக் கணக்கைப் போடவில்லை. பச்சை நாளில் படகு எட்டு மணிக்குக் கரைக்கு வரும். மஞ்சள் நாளில் பத்து மணி ஆகும். ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்க்க ஒன்பது மணி வரைதான் விடுவார்கள். ஒன்பது மணிக் கதவைப் பற்றி அவளே இரண்டு முறை சொல்லியிருந்தாள். கேட்டார், உச்சுக் கொட்டினார், மறுநாளும் மஞ்சளை அழுத்தினார்.

ஒரு வியாழக்கிழமை. ஆறே முக்காலுக்கு மணி அடித்தது. வானம் என்ன மூடில் இருக்கிறது என்று அவள் விசாரிக்கவில்லை.

"எதிரொலி வந்துச்சா சார்?"

"ஆறு நிமிஷம் ஆகும் மேடம். அப்பா எப்படி இருக்கார்?"



"நேத்து ராத்திரி அப்பா ரொம்ப தெளிவா பேசினாராம் சார். எட்டரைலேருந்து ஒன்பது வரைக்கும். குளறலே இல்லையாம். அம்மாவைப் பத்தி, நான் சின்ன வயசுல காணாம போனதைப் பத்தி, எல்லாம் சொன்னாராம். நடுநடுவுல நான் எங்க, நான் எங்கன்னு கேட்டுக்கிட்டே இருந்தாராம். இப்ப வந்துடுவா, இப்ப வந்துடுவான்னு சித்தியும் சொல்லிக்கிட்டே இருந்திருக்காங்க." அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். "விடிகாலைல மறுபடியும் தாக்கிடுச்சு. இப்ப கண்ணு மட்டும்தான் அசையுது. பேச்சு இனிமே வராதுன்னுட்டாங்க."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"நேத்து மஞ்சள் இல்லையா சார், கரைக்கு வரவே பத்தாயிடுச்சு. நான் லீவு போட்டிருக்கணும். என் தப்புதான். இன்னிக்கும் எனக்குப் பதிலா ஆள் இல்ல, நாளைக்குப் பெரிய கப்பல் வருது, அளந்து குடுத்தே ஆகணும்."

"கிளம்புங்க மேடம். சுத்தமா இருக்கு. உடனே கிளம்புங்க."

"எதிரொலி வந்துடுச்சா?"

"வந்துடுச்சு," என்றார். வரவில்லை. வந்து அவர் தெரிந்துகொள்ள வேண்டியதும் எதுவும் இல்லை. அன்றைக்கும் பென்சில் 'ப' என்றுதான் எழுதியிருந்தது.

போனை வைத்துவிட்டு நோட்டைத் திறந்தார். புதன்கிழமைக்கு எதிரே அவருடைய சின்ன எழுத்தில் 'ப'. முதலிலிருந்து எண்ணினார். பென்சில் பச்சை என்று சொல்லி, அறிவிப்பில் மஞ்சளாகப் போன நாட்கள் பத்தொன்பது. மேஜையில் கண்ணாடிக்கு அடியில் தலைமை அலுவலகத்துத் தாள் இருந்தது. இரண்டு மாதமாகப் பிழையே இல்லாத நிலையம் என்று பாராட்டி ஒரு வரி எழுதியிருந்தார்கள். அந்த மனிதர் அழுதார். ஐம்பத்து நாலு வயதில், நாற்காலியில் உட்கார்ந்தபடி, மூக்கைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டு அழுதார். தனக்கு ஆறு நிமிடப் பேச்சு வேண்டும் என்று, ஒரு மகள் அப்பாவிடம் கேட்க வேண்டிய அரைமணிப் பேச்சை எடுத்துக்கொண்டோம் என்பது அவருக்கு அப்பட்டமாகத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை அக்கா போன் செய்தாள். அக்காவுக்கு மூன்றே கேள்விகள்: சாப்பிட்டியா, தூங்கினியா, முட்டி வலி எப்படி. இந்த முறை மூன்றாவது கேள்விக்குப் பதிலாக அவர் நடந்ததை எல்லாம் கொட்டிவிட்டார்.

அக்கா முழுக்கக் கேட்டாள். பிறகு, "அட பாவி" என்றாள். அதற்கும் பிறகு, "சொல்லாதேடா" என்றாள்.

"ஏன்க்கா?"

"சொன்னா உன் மனசு லேசாகும். அவ மனசு என்ன ஆகும்? இப்ப வானத்து மேல கோவம், தன் மேல கோவம். அதாவது ஆறிடும். வேணும்னே ஒருத்தன் பண்ணினான்னு தெரிஞ்சா ஆறுமாடா?"

அக்கா சொன்னதில் நியாயம் இருந்தது. இரவெல்லாம் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். ஆனால் 'என் தப்புதான்' என்று அவள் சொன்னது காதை விட்டுப் போகவில்லை. அவள் செய்யாத தப்பை அவள் தலையில் வைத்துக்கொண்டு காலம் முழுக்கத் திரிவாள். அதை எடுக்கக் கூடிய ஆள் உலகத்திலேயே தான் ஒருவர்தான். சொன்னால் அவளுடைய குரல் தனக்கு இல்லாமல் போய்விடும், அது தெரிந்ததுதான். போகட்டும் என்று சொல்லிக்கொண்டார். 

திங்கட்கிழமை பென்சிலும் பச்சை, அறிவிப்பும் பச்சை. நாலரை மணிக்கு, படகு கிளம்பும் முன்னால், அவரே துறைமுகத்துக்கு எண்ணைச் சுழற்றினார். அதுவரை ஒருமுறைகூட அவராக அழைத்ததில்லை.

"சார்? பச்சைன்னுதானே போட்டிருக்கீங்க? மாறிடுச்சா?"

"மாறல. பச்சைதான்." நோட்டில் அந்தத் தேதிமேல் விரலை வைத்துக்கொண்டார். "போன புதன்கிழமையும் பச்சைதான் மேடம்."

"புரியல சார்."

"அன்னிக்கு வானத்துல ஒண்ணும் இல்ல. எனக்கு மூணு மணிக்கே தெரியும். தெரிஞ்சுதான் மஞ்சள் போட்டேன். லீவு போடாதது உங்க தப்பு இல்ல. நான் பச்சைன்னு போட்டிருந்தா நீங்க எட்டரைக்கு அப்பா பக்கத்துல இருந்திருப்பீங்க."

"ஏன்?"

"மஞ்சள் போட்டாத்தான் நீங்க போன் பண்ணுவீங்க."

படகில் யாரோ சங்கிலியை இழுக்கிற சத்தம் கேட்டது. அவள் திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டினால் தேவலை என்றிருந்தது.

"எத்தனை நாள்?" என்றாள்.

"பத்தொன்பது."

"பேசணும்னா போன் பண்ணியிருக்கலாமே சார்," என்றாள் அவள். குரல் உடைந்திருந்தது. "பச்சை நாள்லயும் எங்க போன் அடிக்கும்."

லைன் அறுந்தது. அவர் ரிசீவரைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தார். இத்தனை மாதத்தில் அது அவருக்குத் தோன்றவே இல்லை. நம்பர் கண்முன்னால் சுவரில் ஒட்டியிருந்தது. சும்மா கூப்பிட்டேன் என்று சொல்லலாம் என்பது அவருக்குத் தெரியாது. காரணமில்லாமல் ஒருவரைக் கூப்பிட யாருக்கும் அனுமதி கிடையாது என்பதைப் போலவே வாழ்ந்து பழகிவிட்டார்.

தலைமை அலுவலகத்துக்கும் எழுதினார். பத்தொன்பது தேதிகளையும் போட்டு, தெரிந்தே தவறாக அறிவித்தேன், நடவடிக்கை எடுக்கலாம் என்று கையெழுத்திட்டு அனுப்பினார். பன்னிரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. மஞ்சள் அறிவிப்புகள் பிழைக் கணக்கில் சேர்வதில்லை என்பதால் மேல் நடவடிக்கைக்கு இடமில்லை என்று எழுதியிருந்தார்கள். அவர் அதை மடித்து மேஜை இழுப்பறையில் போட்டார்.

பச்சை நாட்கள் போயின. நாற்பத்தேழு நாள், ஒரே நிறம். படகு ஒழுங்காக எட்டு மணிக்குக் கரைக்கு வந்திருக்கும். அவள் ஒழுங்காக ஆஸ்பத்திரிக்குப் போய், அசையாத ஒருவர் பக்கத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்திருப்பாள். அப்பா இன்னும் இருக்கிறாரா என்பதுகூட அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளப் பல நாள் கை போன் பக்கம் போயிற்று. இப்போது காரணம் இருந்தது, உரிமைதான் இல்லை.

பருவம் திரும்பியது. ஒரு செவ்வாய்க்கிழமை பென்சில் 'ம' என்று எழுதியது. கம்ப்யூட்டரும் அதையே சொன்னது. அவர் இரண்டையும் மூன்று முறை சரிபார்த்துவிட்டு அறிவித்தார். ஆறரையிலிருந்து போனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஆறே முக்காலுக்கு அடித்தது. ஒரே மணியில் எடுத்தார்.

"சார், படகுலேருந்து. இன்ஜின் டிரைவர் பேசறேன்."

"மேடம் வரலையா?"

"இங்கதான் நிக்கிறாங்க சார், பக்கத்துல. கிளம்பலாமா கூடாதான்னு மட்டும் கேக்கச் சொன்னாங்க."

"ஆறு நிமிஷம் ஆகும்."

"இருக்கேன் சார்."

ஆறு நிமிடம் இரண்டு பேரும் பேசவில்லை. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. தூரத்தில் அவள் யாரிடமோ கயிற்றைச் சுருட்டி வைக்கச் சொல்வது கேட்டது. அவர் அதைக் காது கொடுத்துக் கேட்டார். எதிரொலி வந்தது. அடுக்கு நானூறு கிலோமீட்டரைத் தாண்டி எழும்பியிருந்தது. திரையில் இரண்டு செயற்கைக்கோள்களின் சிக்னல் கோடுகள் நடுங்கத் தொடங்கியிருந்தன.

"கிளம்ப வேண்டாம். குமிழி வந்துடுச்சு. இன்னிக்கு வேலை நடக்காது."

டிரைவர் போனிலிருந்து வாயை விலக்கிச் சொல்வது கேட்டது. 

"நிஜமாவான்னு மேடம் கேக்கறாங்க சார்."

அவர் திரையைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார். எண்களைப் படித்துக் காட்டலாமா என்று நினைத்தார். வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

"நிஜம்தான்னு சொல்லுங்க."

டிரைவர் சொன்னார். இன்ஜின் இன்னும் சிறிது நேரம் ஓடியது. பிறகு நின்றது. "சரி சார், வைக்கிறேன்," என்றார் டிரைவர்.